கடைசி ஒரு முழம்

எங்க குடும்பத்தில் மூன்று தலைமுறை ஏற்காடு மலையில் வேலை செய்திருக்கிறது. தாத்தா, அப்பா, இப்போது அக்கா மகன். மூன்று பேரும் வேறு வேறு காலத்தில் ஒரே பங்களாவின் பின்பக்கத்தில் ஒரே இடத்தைத் தோண்டியிருக்கிறார்கள். தாத்தா அங்கே மண்குழாய் புதைத்தார். அப்பா அந்த மண்குழாயை ஒரு பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்தார். அக்கா மகன் அந்தச் சேர்ப்பைப் பிரித்து மறுபடி சேர்த்தான். இந்தக் கட்டுரை அந்தக் குழியைப் பற்றியது.

மலையின் வரலாறு என்றால் காப்பி, ஆரஞ்சு, துரைமார் என்றுதான் நமக்குப் பழக்கம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1883ல் லெ ஃபானு சேலம் மாவட்டத்துக்கு ஒரு மானுவல் எழுதினார். 1918ல் ரிச்சர்ட்ஸ் கெசட்டியர் தயாரித்தார். மலையின் உயரம், மழை, வரி, பயிர் எல்லாம் தேட வேண்டுமென்றால் அங்கே போகலாம். பங்களாவின் கக்கூஸ் தண்ணீர் எந்த வழியாக, யார் கை பட்டுப் போனது என்று தேட வேண்டுமென்றால் எனக்கு அப்பாவின் வாய்ச்சொல்தான் கெசட்டியர்.

மலை மலையாளிப் பழங்குடிகளுடையது. சேர்வராயன் அவர்களுடைய சாமி. தோட்டம் வந்தபோது அவர்கள் நிலம் போனது. தோட்ட வேலைக்கு ஆள் போதாமல் கங்காணிகள் கீழ்நாட்டுக்கு இறங்கினார்கள். சேரிகளில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டினார்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் அவனைத் தண்டிக்க 1859ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்துத் தோட்டக்காரர்களுக்கென்றே 1903ல் தனியாக ஒரு சட்டமும் போட்டார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று மூன்று சாதி ஆட்களும் தென்னிந்தியத் தோட்டங்களுக்குப் போனார்கள். அதில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற எங்க ஆட்களுக்குக் காப்பிக் கூடையோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வந்தது. அந்த வேலைக்குக் கங்காணி ஆள் தேடவில்லை. சாதியைக் கேட்டதுமே ஆள் கிடைத்துவிட்டது.

பழைய பங்களாக்களை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். படுக்கை அறையை ஒட்டிய குளியலறைக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். வீட்டுக்குள் கால் வைக்காமல் தோட்டி வந்து போவதற்கான கதவு. உள்ளே மரப்பெட்டி, பெட்டிக்குள் வாளி. துரைசாணி எழுந்து போன பிறகு தாத்தாவின் அம்மா அந்தக் கதவு வழியாக நுழைந்து வாளியை எடுத்துப் போய்க் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் வெட்டிய குழியில் கொட்டுவாள். பங்களாவுக்குப் பூசுவேலை பார்த்த கொத்தனாருக்கும் தெரியும் அந்தக் கதவு எதற்கென்று. தீண்டாமையை வீட்டுப் பிளானிலேயே வரைந்து கட்டியிருக்கிறார்கள்.

*

அப்புறம் குழாய் வந்தது.

உப்பு மெருகேற்றிய மண்குழாய் லண்டனில் பிறந்த சரக்கு. 1846ல் லாம்பெத்தில் ஹென்றி டௌல்ட்டன் இந்தச் சாக்கடைக் குழாய்களைச் செய்யத் தொடங்கினார். நகரத்துச் சாக்கடையும் சாவும் ஒன்றோடொன்று பின்னியது என்று எட்வின் சாட்விக்கின் அறிக்கை 1842லேயே சொல்லியிருந்தது. இந்தியாவில் வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கம்பெனி இதே குழாயைச் செய்தது. செய்முறை எளிது. சூளை கொதிக்கும்போது உள்ளே சமையல் உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பு ஆவியாகிக் களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து குழாயின் மேல் கண்ணாடி மாதிரி படியும். சாக்கடைக்குள் கிளம்பும் அழுகல் வாயு குழாயின் மேல்வளைவில் கந்தக அமிலமாக மாறும். சிமெண்ட்டை அது தின்றுவிடும், இரும்பையும் தின்றுவிடும். மண்குழாயை ஒன்றும் செய்ய முடியாது. நூறு வருஷம் கழித்துத் தோண்டினாலும் பளபளவென்று இருக்கும்.

மண்குழாய்க்கு ஒரே பலவீனம் அதன் மூட்டு. ஒரு குழாய் இரண்டடி நீளம்தான். நூறடி போக வேண்டுமென்றால் ஐம்பது மூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் அகன்ற வாய், அதற்குப் பெயர் சாக்கெட். சாக்கெட் மேட்டுப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பள்ளத்திலிருந்து ஆரம்பித்து மேட்டை நோக்கிப் பதித்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த குழாயின் மொட்டை முனையைச் சாக்கெட்டுக்குள் நுழைத்து, தாரில் முக்கிய சணலை முறுக்கி இடுக்கில் திணித்து, மிச்ச இடத்தைச் சிமெண்ட் சாந்தால் அடைக்க வேண்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று வாட்டம், அதாவது பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம். தாத்தா இதையெல்லாம் 1930களில் ஒரு மேஸ்திரியிடம் சிற்றாளாக நின்று கற்றுக்கொண்டார். மேஸ்திரி மேலே நின்று நூல் பிடிப்பான். சணல் திணிக்கிற கை தாத்தாவுடையது.

குழாய் வந்ததும் வாளி போய்விட்டது. வெளிக்கதவை அடைத்து ஜன்னலாக்கினார்கள். தோட்டி போனானா? போகவில்லை. வாளி தூக்கிய குடும்பமே அடைப்பு எடுக்கிற குடும்பமானது. ஏற்காட்டில் பங்களாக்களின் குழாய் அந்தந்த வீட்டுச் செப்டிக் தொட்டியில்தான் போய் விழுந்தது. தொட்டி நிறைந்தால் கூப்பிடுவது எங்களைத்தான். கூலி லயத்துக்கு மண்குழாயும் கிடையாது, வாளியும் கிடையாது. காடுதான். தோட்டத் தொழிலாளிக்குக் கக்கூஸ் கட்டித் தர வேண்டும் என்று சட்டம் சொன்னதே 1951ல்தான். பங்களாவின் மலக்குழாயைப் புதைத்துவிட்டு இருட்டியதும் காட்டுக்கு ஒதுங்கப் போன தாத்தாவை நினைத்துப் பார்க்கிறேன்.

*

பி.வி.சி.க்கு நாம் லண்டன் வரை போக வேண்டியதில்லை. நம்ம சேலம் மாவட்டத்து மேட்டூரிலேயே 1967ல் கெம்பிளாஸ்ட் ஆலை பி.வி.சி. பிசின் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பங்களாவின் பின்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் பைப்பு வந்து சேர்ந்தது 1984ல். அப்போது பங்களா கைமாறியிருந்தது. புது முதலாளி கூடுதலாக ஒரு பாத்ரூம் கட்டினார். அங்கிருந்து வருகிற நாலு அங்குலப் பிளாஸ்டிக் பைப்பைப் பழைய ஆறு அங்குல மண்குழாயில் சேர்க்க வேண்டும். கீழேயிருந்து ஒரு பிளம்பர் வந்தார். சாதி இந்து. நான் எட்டாம் வகுப்பு. லீவு நாள் என்பதால் அப்பாவோடு போயிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கு வரைக்கும் மறக்க முடியவில்லை. பிளம்பர் வேலைக்காரர்தான், குறை சொல்ல முடியாது. பாத்ரூமிலிருந்து பைப்பைச் சுத்தமாக இழுத்துக்கொண்டு வந்தார். ரசமட்டம் வைத்தார், சொல்யூஷன் தடவினார், முழங்கை மாட்டினார். பழைய குழாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கடா அவன்? கூப்பிடு" என்றார். அப்பாவுக்கு அவரைவிடப் பத்து வயசு அதிகம்.

புதுப் பைப்பு வெறும் பைப்பு, அதில் இன்னும் எதுவும் ஓடவில்லை. அதைத் தொட்டால் தொழில். பழைய குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டால் தீட்டு. ஒரே குழிக்குள் சாதி கோடு போட்டு வைத்திருந்தது, பிளாஸ்டிக்குக்கும் மண்ணுக்கும் நடுவே, ஒரு முழத்தில். பிளம்பருக்கு 25 ரூபாய் கூலி. அந்த ஒரு முழத்துக்கு அப்பாவுக்கு 8 ரூபாய்.

அப்பா இறங்கினார். பழைய குழாயை உடைத்துத் திறக்க வேண்டும். உளி வைத்து அடிக்கும்போது மண்குழாய் நமக்கு வேண்டிய இடத்தில் உடையாது. கண்ணாடி மாதிரி விரிசல் ஓடும். சில்லு தெறித்து அப்பாவின் இடது கைச் சுண்டுவிரலைக் கிழித்தது. காயத்தோடு அந்தத் தண்ணிக்குள்ளேயே கையை விட்டுத்தான் மிச்ச வேலை நடந்தது. துணி சுற்றிக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னார், "ஏனுங்க, கீழ ஆத்து மணலு கொஞ்சம் கொட்டிப் பதிக்கோணுங்க. நாலுக்கும் ஆறுக்கும் இடுக்கு சாஸ்தி. சணல் வேணுங்க." பிளம்பர் மேலேயிருந்து, "பைப்பு ஃபிட்டிங்கை நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? சாக்கு கிழிச்சு அடைச்சு, மேல சிமெண்ட்ட அப்பு" என்றார். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். ஒரு பேச்சுப் பேசவில்லை.

விரல் சீழ் பிடித்தது. மூன்றாவது வாரம் ஒரு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். "பொழப்புக்கு மிச்ச ஒன்பது போதும் கண்ணு" என்று அப்பா சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். எங்க அம்மா சிரிக்கவில்லை.

*

2022ல் அதே பங்களாவைத் தங்கும் விடுதியாக்கினார்கள். ஏற்காட்டில் இப்போது பல பங்களாக்கள் அப்படித்தான். ஆறு அறைக்கும் ஆறு பாத்ரூம். பின்பக்கம் நாற்றம் எழும்பி, தரையெல்லாம் ஈரம். எங்க அக்கா மகனைக் கூப்பிட்டார்கள். அவன் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவன். அருந்ததியர்க்கு 2009ல் தமிழ்நாட்டில் கொடுத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அந்த ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பங்களாக்காரர்கள் அவனைக் கூப்பிட்டது சர்டிபிகேட்டைப் பார்த்தா, சாதியைப் பார்த்தா என்று கேட்காதீர்கள். புதுப் பாத்ரூம்களுக்கு வேறு ஒரு பிளம்பர் ஏற்கெனவே பைப்பு இழுத்து முடித்திருந்தார். பழைய குழாய்க்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருந்தார்.

அவன் என்னைப் போனில் கூப்பிட்டான். "மாமா, தாத்தா சொல்வாரே அந்த மூட்டு, இதுதான்னு நெனைக்கிறேன். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மூன்றடி ஆழம். பக்கத்தில் சில்வர் ஓக் மரம். மேலே பெரிய சிமெண்ட் உருண்டை, உள்ளே சாக்குத்துணி மக்கிக் கருத்துப் போயிருந்தது. சாக்கு மக்கிய இடைவெளியில் சில்வர் ஓக் வேர் நுழைந்து குழாய்க்குள் குதிரைவால் மாதிரி வளர்ந்திருந்தது. அடியில் மணல் இல்லை, வெறும் கல். மண் அமிழ்ந்தபோது பிளாஸ்டிக் வளைந்து கொடுத்திருக்கிறது, மண்குழாய் வளையாது, நடுவில் இருந்த சிமெண்ட் உருண்டைக்குப் பக்கத்தில் கத்தி வைத்து வெட்டியது போல மண்குழாய் பிளந்து கிடந்தது. 1984ல் அப்பா எதைச் சொன்னாரோ அதுதான் நடந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பிளவு வழியாக மலம் மண்ணில் இறங்கியிருக்கிறது. சரிவுக்குக் கீழே லயத்துக் கிணறு.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதி தொழிலைக் கெடுக்கிறது என்று அம்பேத்கர் சொன்னதை நாம் மேடையில் சொல்கிறோம். சாதி அமைப்பு வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்றார் அவர். அந்தக் குழியில் அதை நான் கண்ணால் பார்த்தேன். கருவி வைத்திருந்தவன் தொட மாட்டேன் என்றான். தொட்டவனுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவன் பேச்சு எடுபடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கெட்டுப்போன மூட்டு.

அக்கா மகன் எப்படிச் செய்தான் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். இந்த வேலை அறிவைச் சேர்ந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

முதலில் அவன் மூன்று நிபந்தனை போட்டான். தொட்டியை லாரி வைத்து மிஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும், யாரும் இறங்கக் கூடாது. இரண்டு நாள் பங்களாவில் ஒருவரும் கக்கூஸ் பைப்பில் தண்ணி விடக் கூடாது. கடைசி ஒரு முழத்துக்கு முழு பிளம்பர் கூலி. மூன்றாவது நிபந்தனைக்குத்தான் ரொம்ப நேரம் பேச்சு நடந்தது.

பிறகு குழியை அகலமாக்கினான். மண்குழாயை ஒரு இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே பள்ளத்துப் பக்கம் போனான். நல்ல குழாய் கோயில் மணி மாதிரி சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது 'தொப்' என்று சொல்லும். எட்டடி தாண்டித்தான் மணிச்சத்தம் வந்தது. அங்கே ஒரு நல்ல சாக்கெட் கிடைத்தது. உளியை எடுக்கவே இல்லை. வைரப் பிளேடு மாட்டிய மிஷினால் சுற்றிலும் தண்ணி தெளித்துக்கொண்டே அறுத்து, விரிசல் விட்ட துண்டுகளை மட்டும் எடுத்தான். கையில் தடித்த ரப்பர் உறை.

ஆறு அங்குல மண்குழாயின் உள்வாய் 150 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் அதற்கு நேரானது 160 மில்லிமீட்டர் வெளிவிட்டம். ஆகவே குழாய்க்குள் நுழையாது, சாக்கெட்டுக்குள் தளதளவென்று ஆடும். சிக்கல் இங்கேதான். சிமெண்ட்டும் பிளாஸ்டிக்கும் ஒட்டாது. வழவழப்பான பைப்பின் மேல் சிமெண்ட் காய்ந்து சுருங்கினால் மயிரிழை இடைவெளி விழும், வேருக்கு அது போதும். அதனால் பைப்பின் முனையில் சொல்யூஷனைத் தடவி ஈரத்தோடு மணலில் உருட்டினான். காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அப்புறம் சாக்கெட்டுக்குள் விட்டு, தார்ச் சணலைச் சுற்றிலும் ஒரே அளவாகத் திணித்துப் பைப்பை நடுவுக்குக் கொண்டுவந்தான். இரண்டின் அடித்தளமும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். படிக்கட்டு மாதிரி நின்றால் துணி, முடி எல்லாம் அங்கே தங்கி அடைப்பாகும். பிறகு சாந்து. சாக்கெட் இல்லாமல் மொட்டைக் குழாயாக இருந்தால் எஃகுப் பட்டை போட்ட ரப்பர் கப்ளிங்தான் மாட்ட வேண்டும் என்றான். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அடியில் கல் பொறுக்கி மணல் கொட்டினான். கடைசியில் கீழ் முனையை அடைத்துப் பைப்பில் தண்ணி நிரப்பிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தோம். தண்ணி மட்டம் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மண் தள்ளினான்.

பைப்புப் பதித்த நாளிலிருந்து அந்த இடத்தில் முதல்முதலாக வேலை செய்கிறவனே முடிவெடுத்து வேலை நடந்தது.

*

சென்னையில் மேட்லி சுரங்கப்பாதை என்று ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தின் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் திட்டம் போட்ட இன்ஜினீயர் மேட்லியின் பெயர். பெயர் வைத்தது சரிதான். குழிக்குள் இறங்கியவர்களுக்கு ஒரு சந்துக்குக்கூடப் பெயர் கிடையாது.

1993ல் கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் வந்தது. அது போதாமல் 2013ல் இன்னொரு சட்டம் வந்தது. 1993லிருந்து சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமானது. செத்தவர்களின் கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்ததைப் பாராளுமன்றத்தில் கொடுத்த பதில்களே காட்டியிருக்கின்றன. 2018ல் கேரளத்து இளைஞர்கள் செய்த எந்திரம் திருவனந்தபுரத்தில் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கியது. நல்லது, வரட்டும். ஆனால் அது நகரத்துத் தெருக்குழிக்கான எந்திரம். வீட்டுக்குப் பின்னால், மரத்தடியில், மூன்றடி ஆழத்தில் ஆறு அங்குலக் குழாய் மூட்டுக்கு அது வராது. 'இணைப்பு வேலை' என்று கணக்கில் எழுதிவிட்டால் அது மலம் அள்ளுகிற வேலையே இல்லை என்றாகிவிடும். விரல் போனால் நட்ட ஈடு கேட்பதும் கடினமாகிவிடும்.

நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இப்போது பழைய மண்குழாயோடு புதுப் பிளாஸ்டிக்கைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதிக்குப் பின்னால், உங்கள் தெருவில் அப்படிக் குழி தோண்டியிருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பைப்பு இழுத்தவர் யார், கடைசி ஒரு முழத்துக்கு இறங்குகிறவர் யார், இருவருக்கும் கூலி எவ்வளவு, கையில் உறை இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். பெயர் போட விருப்பமென்றால் பெயரோடு எழுதுங்கள்.

அப்பா 2011ல் இறந்துபோனார். அக்கா மகன் மூட்டை முடித்துக் கூலி வாங்கும்போது பங்களா மேனேஜர் பணத்தைக் குழியின் விளிம்பில் ஒரு கல்லின் மேல் வைத்தார். அவன் எடுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவர் அந்தப் பணத்தை எடுத்து அவன் கையில் கொடுக்கிற வரைக்கும் நின்றான்.